படத்தைப் பார்க்காமலே புரட்டி முடித்துவிடுகிறார்கள்: நூலகப் பீரியடில் என்ன செய்யலாம்?

கீழ்த்தட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு நூலகப் பீரியட், 40 நிமிடம். ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள். சின்னவர்களுக்கென்றே படப்புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவை.

ஆனால் பிள்ளைகள் அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஓடி வருகிறார்கள், அள்ளுகிறார்கள், புரட்டுகிறார்கள், போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். போன வாரம் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி, நான் பதிவேட்டில் அவள் பெயரையும் புத்தக எண்ணையும் எழுதி முடிப்பதற்குள் முழுப் புத்தகத்தையும் புரட்டிவிட்டு, "மிஸ், முடிச்சிட்டேன். வேற தாங்க" என்று எதிரில் நின்றாள். 32 பக்கப் புத்தகம். என்ன கதை என்று கேட்டேன். "நாய்" என்றாள். நாய் என்ன செய்தது? "போச்சு." எங்கே போனது? பதில் இல்லை, கை மட்டும் அடுத்த புத்தகத்துக்கு நீண்டது.

கோபம் வரவில்லை, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை வரைந்தவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருப்பார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கே தொடங்குவது?

---

கரும்பலகை

வணக்கம் மேடம். ஒன்றாம் வகுப்புக்குப் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். முதலில் உங்கள் அலமாரியைப் பற்றிக் கேட்கிறேன். புத்தகங்கள் முதுகு தெரிய அடுக்கியிருக்கின்றனவா, அட்டை தெரிய வைத்திருக்கிறீர்களா? முதுகு தெரிய அடுக்கினால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே புத்தகம் தெரியாது, வண்ணக் கோடுகள்தான் தெரியும். கைக்கு வந்ததை உருவும். உருவியது பிடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் புரட்டித்தானே ஆகவேண்டும்? நீங்கள் பார்த்த வேகத்தில் பாதி, அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்த வேகமாக இருக்கலாம்.

இருக்கிற புத்தகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டாதீர்கள். ஒரு பீரியடுக்கு இருபது போதும். தரையில் பாய் விரித்து, அட்டை மேலே தெரிய, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அடுத்த வாரம் அதில் ஐந்தை மட்டும் மாற்றுங்கள்.

---

கீழ்த்தட்டு

முதுகு தெரியத்தான் சார் அடுக்கியிருக்கிறது. எண் வரிசைப்படி. இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை.

---

வண்ணக்கோல்

அக்கா, நான் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறவன். "வரைந்தவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன்.

படப்புத்தகம் ஏன் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்கிறது தெரியுமா? பெரிய தாளில் இரண்டு புறமும் அச்சடித்து மடித்துக்கொண்டே போனால் பக்கங்கள் 8, 16, 32 என்று இரட்டிப்பாகத்தான் வரும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, கதைக்குப் பன்னிரண்டோ பதினான்கோ விரிப்புகள்தான் மிஞ்சும் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு விரிப்பு). அதற்குள் கதை நடந்து முடிய வேண்டும். அதனால் ஒவ்வொரு புரட்டலையும் நாங்கள் எண்ணித்தான் வைக்கிறோம். வலது பக்க ஓரத்தில் ஒரு வால் மட்டும் தெரிகிறது என்றால், பிள்ளை "யாரோட வால்?" என்று ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அந்த ஒரு கணம் நிற்காமல் புரட்டினால், அந்தப் பக்கமே இல்லாத மாதிரி.

இன்னொன்று. எழுத்து சொல்வதைப் படம் திரும்பச் சொல்கிறது என்று பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். பேட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்' புத்தகத்தைப் பாருங்கள். முழுப் புத்தகத்துக்கும் ஆங்கிலத்தில் 32 சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு கோழி நடந்துபோய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் எழுத்தில். படத்தில் பார்த்தால் முதலிலிருந்தே அதன் பின்னால் ஒரு நரி. நரி என்ற சொல் எழுத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. எழுத்தை மட்டும் படித்த பெரியவருக்கு ஒன்றும் நடக்காத கதை. எழுத்தே தெரியாத நாலு வயதுப் பிள்ளைக்கோ நெஞ்சு படபடக்கிற கதை.

மூன்றாவதாக ஒரு வேண்டுகோள், நூலகர்கள் எல்லாருக்கும். அட்டையைத் திறந்ததும் வருகிற அந்த முதல் தாளில் முத்திரை குத்தாதீர்கள், சீட்டு ஒட்டாதீர்கள். எங்களில் பலர் கதையை அங்கேயே தொடங்கிவிடுகிறோம்.

---

மூன்றாம்பிரிவு

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்கள் படப்புத்தகத்தை எடுத்தால் என்ன நடக்கிறது? படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறார்கள். "குதிரை" என்று எழுதியிருக்கும், படத்தில் நிற்பது கழுதை மாதிரித் தெரிந்தால் "கழுதை" என்று வாசித்துவிட்டு மேலே போவார்கள். எழுத்தின் மேல் கண்ணே படுவதில்லை. படம் ஊன்றுகோலாகிவிட்டது. பெற்றோர் வந்து "எப்போ மேடம் என் பிள்ளை படிப்பான்?" என்று கேட்கும்போது, படம் பார்க்கிறான் என்று நான் பதில் சொல்ல முடியாது. இந்தக் கவலை நியாயமா இல்லையா?

---

கரும்பலகை

நியாயம்தான் மேடம். பூசி மெழுகாமல் சொல்கிறேன், படத்தை வைத்துச் சொல்லை ஊகிப்பது வாசிப்பு ஆகாது. எழுத்தையும் ஒலியையும் பொருத்தும் வேலை தனியாக, தினமும், வரிசையாக நடக்க வேண்டும். அதற்கு வேண்டியது, கற்ற எழுத்துகள் மட்டும் வருகிற எளிய பாடங்கள். அந்த வேலையைப் படப்புத்தகத்தின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

2005இல் வந்த ஒரு கண்ணசைவு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெரியவர் கதை வாசிக்கக் கேட்கும் சின்னப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று அளந்தார்கள். எழுத்துப் பக்கம் போனதே அபூர்வம், நேரமெல்லாம் படத்தில்தான். ஆகவே நாம் வாசித்துக் காட்டினால் அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் வேறு வேலை நடக்கிறது. காதில் சொல் விழுகிறது, கண் படத்தில் அதைத் தேடிப் பிடிக்கிறது. 'பதுங்கியது' என்ற சொல்லை நான் எத்தனை தடவை விளக்கினாலும், வேலிக்குப் பின்னால் காதை மடக்கிக்கொண்டு கிடக்கிற பூனையைக் காட்டுகிற மாதிரி ஆகாது. உங்கள் பன்னிரண்டு பேரும் நாளைக்கு எழுத்துக் கூட்டி 'பதுங்கியது' என்று வாசிக்கும்போது, அந்தச் சொல் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான சொல்லாக இருக்க வேண்டாமா?

---

வண்ணக்கோல்

மூன்றாம்பிரிவு அக்கா சொன்ன கழுதை–குதிரை விஷயம் வேறு வகைப் புத்தகத்தில் வருவது. 1658இல் கொமேனியுஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் 'ஓர்பிஸ் பிக்டுஸ்' என்று பிள்ளைகளுக்கான படநூல் வெளியிட்டாரே, அதில் படத்தில் உள்ள பொருளுக்கு ஒரு எண், பக்கத்தில் இருக்கும் சொல்லுக்கும் அதே எண். இதுதான் இது என்று பொருத்திக் காட்டும் புத்தகம். அது பாடநூல், அருமையான பாடநூல். கதைப் படப்புத்தகம் அந்த வேலையைச் செய்ய வந்ததல்ல. அதில் படம் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும், நடுவில் உள்ளதைப் பிள்ளைதான் கோத்துக்கொள்ள வேண்டும். ஊகிக்காமல் அதைப் படிக்கவே முடியாது. ஊகிக்க வேண்டியது சொல்லை அல்ல, கதையை.

---

மூன்றாம்பிரிவு

சொல்லை ஊகிப்பது வேறு, கதையை ஊகிப்பது வேறு. சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் 40 நிமிடத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

---

கீழ்த்தட்டு

பாய் விரித்துப் பார்த்தேன், பலன் தெரிகிறது. அள்ளுவது குறைந்து, சுற்றி வந்து அட்டையைப் பார்த்து எடுக்கிறார்கள். நேற்று ஒரு புத்தகத்தை எல்லாருக்கும் வாசித்தும் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வி கேட்டேன். "இது என்ன நிறம்? எத்தனை பறவை? இந்தக் கதையிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம்?" முன்வரிசையில் அதே மூன்று பேர்தான் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படத்தைக்கூடப் பார்க்கவில்லை, சரியான பதில் என் முகத்தில் எழுதியிருக்கிற மாதிரி.

---

கரும்பலகை

நீங்கள் கேட்ட கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது. எத்தனை பறவை என்பதற்கு ஒரே ஒரு பதில்தான். அந்த மூவர் சொன்னதும் மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் அங்கே வேலை முடிந்தது.

ஓவியங்களைப் பார்க்கப் பழக்குவதற்காக ஃபிலிப் யெனவைனும் அபிகெய்ல் ஹவுசனும் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. மொத்தம் மூன்று கேள்விதான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நான் வருஷக்கணக்கில் இதைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டாவது கேள்விதான் உயிர். "அந்தப் பையன் சோகமா இருக்கான்" என்று பிள்ளை சொல்லும். "எதைப் பார்த்து?" என்றால் திரும்பப் படத்துக்குள் போகும். "தோள் தொங்குது சார். செருப்பு ஒண்ணுதான் போட்டிருக்கான்." அந்தச் செருப்பை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். 35 பிள்ளைகள் முன்னால் நின்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், யுகமாகத் தெரியும். படத்துக்கு நான் பத்து வரை எண்ணுவேன். முதலில் முன்வரிசைக் கைகள் தூக்கும், கண்டுகொள்ளாமல் இருங்கள். ஆறாவது ஏழாவது எண்ணுக்கு மேல்தான் பின்வரிசையில் ஒரு கழுத்து நீளும்.

"என்ன கற்றுக்கொண்டோம்" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது வரும் என்று தெரிந்தால் பிள்ளை கதை முழுக்க அந்த ஒரு பதிலைத் தேடிக்கொண்டே இருக்கும். கதைக்குள் போகாது.

---

இரட்டைவாசிப்பு

ஒரு அம்மாவாக எழுதுகிறேன். என் மகன் ஒரே புத்தகத்தை நாலு வாரமாகத் திரும்பத் திரும்ப எடுத்து வருகிறான். பள்ளியில் "படிச்சதையே எடுக்காதே, புதுசு எடு" என்று திருப்பி அனுப்புகிறார்களாம். அவன் அழுதுகொண்டு வந்தான். ஒரே புத்தகத்தை எடுப்பது தப்பா?

---

கரும்பலகை

தப்பே இல்லை அம்மா, அதுதான் சரி. 2011இல் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. புதுச் சொற்கள் எல்லாப் பிள்ளைகள் காதிலும் ஒரே அளவுதான் விழுந்தன. ஆனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள், வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட அதிகமாகக் கற்றார்கள். முதல் தடவை என்ன நடக்கிறது என்று பார்க்கும். இரண்டாவது தடவை ஏன் என்று பார்க்கும். மூன்றாவது தடவை மூலையில் இருக்கிற எறும்பைப் பார்க்கும். அவன் எறும்புக்காகத்தான் எடுத்து வருகிறானோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

---

இரட்டைவாசிப்பு

கேட்டேன் சார். எறும்பு இல்லை, கடைசிப் பக்கத்தில் ஒரு ஜன்னல். "இந்த ஜன்னல்ல மட்டும் விளக்கு எரியல, யார் இருக்காங்கன்னு தெரியணும்" என்கிறான். பக்கத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையாகவே அந்த ஒரு ஜன்னல் மட்டும் இருட்டு.

---

பலமொழி வகுப்பு

என் வகுப்பில் வீட்டு மொழி நான்கு. நான் வாசிக்கும் மொழி பாதிப் பேருக்குப் புரியாது. சொற்களே இல்லாத படப்புத்தகங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. சர்வதேச இளையோர் நூல் வாரியம், அதாவது இப்பி அமைப்பு, 2012இல் இத்தாலியின் லாம்பெடூசா தீவில் இதைத்தான் தொடங்கியது. அகதிகள் வந்து இறங்கும் அந்தத் தீவில், எந்த மொழிக் குழந்தையும் எடுத்துப் பார்க்கும்படி, உலகம் முழுவதிலுமிருந்து சொல்லற்ற படப்புத்தகங்களைத் திரட்டினார்கள்.

என் அனுபவத்தில் ஒரு எச்சரிக்கை: சொல்லில்லாத புத்தகம் எளிது என்று நினைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கதை சொல்லி யாருமில்லை, பிள்ளையே சொல்ல வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள், ஒரு பக்கம் நீ, அடுத்தது நான். எந்த மொழியில் சொன்னாலும் சரி.

---

மூன்றாம்பிரிவு

35 பேருக்கு ஒரு புத்தகத்தை எப்படிக் காட்டுகிறீர்கள்? பின்வரிசைக்குத் தெரியாது என்பதுதான் என் முதல் தோல்வி.

---

கரும்பலகை

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டாதீர்கள். பாதிப் பேர் பாயில் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும், பாதிப் பேர் உங்கள் முன்னால். பதினைந்து நிமிடத்தில் மாறிக்கொள்ளலாம். பிறை மாதிரி வளைந்து உட்கார வையுங்கள். புத்தகத்தை மடியில் வைக்காமல் தோள் பக்கமாகத் தூக்கிப் பிடியுங்கள், கீழ் விளிம்பைப் பிடித்தால் விரல் படத்தை மறைக்காது. வாசித்து முடித்த பிறகு, வாய் பேசாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்துங்கள். அவசரமாக வீசினால் நடுவில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் படம் கிடைக்கும். நுணுக்கமான படங்களுள்ள புத்தகம் கூட்டத்துக்கு ஆகாது, அது இரண்டு பேர் மடியில் விரிக்க வேண்டியது.

---

பதிவேடு

நானும் நூலகர்தான். இப்படி எல்லார் கையிலும் கொடுத்தால் கிழியும். வருஷக் கடைசிக் கணக்கெடுப்பில் யார் பதில் சொல்வது?

---

கீழ்த்தட்டு

அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் 1931இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியபோது முதல் விதியே "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்றுதான் வைத்தார். புரட்டக் கற்றுக்கொடுங்கள். மேல் மூலையை விரல் நுனியால் தூக்கி, உள்ளங்கையால் தள்ளிப் புரட்டினால் கிழிவது குறையும், நடுவில் பிடித்து இழுப்பதால்தான் கிழிகிறது. கிழிந்தால் ஒளித்து வைக்காமல் கொண்டுவந்து கொடுக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது அந்தப் பக்கத்தை அவர்கள் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்ப்பதில்லை.

---

மூன்றாம்பிரிவு

இரண்டு வாரம் முயன்றேன், நடந்ததைச் சொல்கிறேன். எழுத்துப் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொண்டேன், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. நூலகப் பீரியடில் மட்டும் படத்துக்குப் பத்து எண்ணினேன். முதல் வாரம் சலசலப்புதான், ஒரு பலனும் இல்லை. இரண்டாவது வாரம், தடுமாறுகிற பன்னிரண்டு பேரில் ஒருவன், வகுப்பில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலைகுனிகிறவன், எழுந்து வந்து படத்தில் விரல் வைத்து, "மேடம், இங்க சாயங்காலம் ஆயிடுச்சு. நிழல் நீளமா இருக்கு" என்றான். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் இன்னும் எழுத்துக் கூட்டத்தான் செய்கிறான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் நேற்று அவனாகவே "இந்தச் சொல் என்ன மேடம்?" என்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

---

கீழ்த்தட்டு

முதல் பதிவில் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினேனே, "நாய், போச்சு" என்றவள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

நேற்று அந்த நாய்ப் புத்தகத்தை அவள் குழுவுக்கு வாசித்தேன். எழுத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. மழையில் ஒரு நாய் தெருத்தெருவாகப் போகிறது. மூன்றாவது விரிப்பில் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். எட்டு எண்ணும்போது அவள் சொன்னாள், "வால்ல நூல் இருக்கு."

சிவப்பு நூல். நாயின் வாலில் மாட்டி, பக்கத்தின் இடது ஓரம் வரைக்கும் போகிறது. எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அவளே எழுந்து வந்து பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். முந்தின விரிப்பில் அந்த நூல் ஒரு வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. ஜன்னலுக்குள் ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருக்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு விரிப்பிலும் மூலையில் அந்தப் பாட்டி சின்னதாக இருக்கிறார், அவர் கையில் உள்ள சட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. இந்தப் புத்தகத்துக்கு நான்தான் அட்டை போட்டேன், எண் எழுதினேன். எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். நூலைப் பார்த்ததே இல்லை.

வண்ணக்கோல் தம்பி சொன்னது நினைவுக்கு வந்து முதல் தாளைத் திறந்தேன். அங்கே ஒரு நூற்கண்டு வரைந்திருக்கிறது. அதன் மேல் எங்கள் நூலக முத்திரை. நான் குத்தியது. இனிமேல் வரும் புத்தகங்களுக்கு முத்திரை பின்னட்டையின் உள்பக்கத்தில்தான், அதுவும் படம் இல்லாத இடமாகப் பார்த்து.

பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பாய்க்குப் போய், மற்றக் குழுவில் இருந்த ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்தை விரித்து வைத்தாள். அவன் உடனே புரட்டக் கையை நீட்டினான். அவள் தாளின் மூலையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்த்தான், பிறகு படத்தைப் பார்த்தான். மணி அடித்தது, மற்றவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவன் நூலைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவள் விரலை எடுக்கவில்லை.